நான்காவது கட்டம்

புந்தா அரேனாஸில் தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்,
காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க.
அதைப் பிடித்தபடிதான்
செவ்வாய் இரவுகளில் வருவார்கள் என் மாணவர்கள்.
எல்லோருக்கும் என்னைவிட வயது அதிகம்.
எனக்கு இருபத்தாறு.
"டீச்சர் யாஸ்னா" என்று யாராவது கூப்பிட்டால்
இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்,
பின்னால் வேறு யாரோ நிற்பதைப் போல.

ஜூன் மாதம் சாண்டியாகோவிலிருந்து ஒரு படிவம் வந்தது.
மூன்று கட்டங்கள்: கண், காது, கை.
யார் எதனால் கற்பவர் என்று
டிக் போட்டு அனுப்ப வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.
போட்டேன்.
நீல மையில், சந்தேகமே இல்லாமல்.

எலியேசர், நண்டு ஆலைத் தொழிலாளி,
வலக்கையில் ஒன்றரை விரல் இல்லை: கை.
நோல்ஃபா, டாக்ஸி அலுவலகத்தில்
பன்னிரண்டு மணிநேரம் ரேடியோவோடு பேசுகிறவள்: காது.
ரோசமெல், அதே நண்டு ஆலையில் பெட்டி அடுக்குபவர்,
வாய் திறக்காமல் கரும்பலகையையே பார்த்திருப்பார்: கண்.

அடுத்த வகுப்பில்
முக்காலையும் அரைக்காலையும் கூட்ட வேண்டியிருந்தது.
எலியேசருக்கு ஒரு ஆப்பிளும் கத்தியும் கொடுத்தேன்.
எட்டுத் துண்டு.
தராசில் வைத்தாலும் பிசகாது.
விடை மட்டும் வரவில்லை.
தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:
"காலை ஆறு மணியிலிருந்து வெட்டிவிட்டு வருகிறேன், டீச்சர்.
இங்கேயுமா கத்தி?
வாயால் சொல்லுங்களேன்."

சொன்னேன்.
காது என்று நான் எழுதிய நோல்ஃபாவோ
ஆவி படிந்த ஜன்னலில்
விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.
"தப்பா நினைக்காதீங்க. யாராவது பேசினாலே
எங்கே கார் அனுப்பணும்னு கேட்கத் தோணுது."

எலியேசர் பலகைக்குப் போனார்.
மேலே இருந்ததை மேலோடும்
கீழே இருந்ததைக் கீழோடும் கூட்டி
பன்னிரண்டில் நான்கு என்று எழுதினார்.
எழுத்து அழகாக இருந்தது.

நான் வாயெடுப்பதற்குள்,
மூன்று மாதமாகப் பேசாத ரோசமெல்
பலகையைப் பார்க்காமல், கையுறையை உருவியபடி:
"பன்னிரண்டில் நான்கு, மூன்றில் ஒன்றுதானே?
முக்காலில் ஆரம்பித்தாய். மேலே கொஞ்சம் சேர்த்தாய்.
சேர்க்கச் சேர்க்கக் குறைகிறதென்றால்
அது கணக்கில்லை, எலியேசர்.
நம் சம்பளச் சீட்டு."

எலியேசர் இருமல் வரும்வரை சிரித்தார்.
சிரிப்பு பாதியில் நின்றது.
சட்டைக் கையால் பலகையைத் துடைத்தார்.
கால் என்றால் எட்டில் இரண்டு...
அப்படியானால் முக்கால்...
உதடு மட்டும் அசைந்தது.
எட்டில் ஏழு.

பழுப்பேறிய துண்டுகளில் ஏழை
அவர்கள் தின்றார்கள். மிச்சம் எனக்கு.

இப்போது எதில் டிக் போடுவது?
சம்பளத்தின்மேல் உள்ள கோபத்துக்குக் கட்டம் இல்லை.
மறுவாரம் அதே நகைச்சுவையை
இன்னொரு வகுப்பில் நான் முயன்றேன்.
ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.
ஒருவர் மணி பார்த்தார்.
அதற்கடுத்த செவ்வாய், மூன்றில் இரண்டு பாடத்தின்போது
எலியேசரே கேட்டார்:
"ஆப்பிள் இருக்கா, டீச்சர்?"

செப்டம்பரில் படிவம் மறுபடி வந்தது.
இந்தமுறை பென்சில்.
ஓரத்தில் ஸ்கேல் வைத்து நான்காவது கட்டம் ஒன்று வரைந்து
தலைப்பில் 'இன்று' என்று எழுதினேன்.
எலியேசர் பெயருக்கு நேரே: இரட்டை ஷிஃப்ட், தூங்கட்டும்.
நோல்ஃபா: ஜன்னல்.
ரோசமெல்: தெரியவில்லை.
பத்து நாளில் திரும்பி வந்தது,
பென்சில் ஏற்கப்படாது என்ற முத்திரையோடு.

இரவு ஒன்பதரைக்கு வகுப்பைப் பூட்டுகிறேன்.
வெளியே காற்று, கதவோடு மல்லுக்கு நிற்கிறது.
எலியேசர் இடக்கையால் கயிற்றைப் பற்றுகிறார்.
நோல்ஃபா முழங்கையை அதில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு
போனில் யாரிடமோ கத்துகிறாள்.
ரோசமெல் கயிற்றைத் தொடுவதே இல்லை.
காற்றின்மேல் சாய்ந்து,
ஏறக்குறைய படுத்தபடி,
எல்லோருக்கும் முன்னால் தெருவைக் கடந்துவிட்டார்.